மைதானப் புல்லுக்கு ஸ்பிரிங்ளர்: ஒரு கோடை பாவித்து, 40 மீன் ரின் வைத்து அளந்த பிறகு எழுதுவது

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போன வருடம் மாசியில் அந்த மைதானத்துக்கு ஸ்பிரிங்ளர் பூட்டினோம். காசு கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குளிரில் வேலை செய்து அனுப்பியது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வன்னியில் இப்போது பாடசாலை மைதானம், கோயில் வளவு, கழக மைதானம் என்று பல இடங்களில் இதைப் பூட்டப் பார்க்கிறார்கள், எல்லோரும் கேட்பது விலையையும் தண்ணீர் தெளிக்கிற தலைகளின் எண்ணிக்கையையும் மட்டும்தான். பூட்டித் தந்த கடையின் பெயர் வேண்டாம். சாமான் நல்ல சாமான். பூட்டிய விதத்தில் பிழை. சாமானுக்கு ஒரு புள்ளி, பூட்டலுக்கு இன்னொரு புள்ளி என்று பிரித்துத்தான் கொடுக்க முடியும்.

முதலில் என்ன வாங்கினோம் என்று சொல்கிறேன். மைதானம் 90 மீற்றர் நீளம், 54 மீற்றர் அகலம். நிலத்துக்குள் புதைந்திருந்து தண்ணீர் வந்ததும் மேலெழும்பிச் சுற்றுகிற பொப்-அப் வகைத் தலைகள் 24. ஒன்றுக்கொன்று 18 மீற்றர் இடைவெளி, ஒரு வரிசைக்கு 6 தலை, நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வால்வு, ஒரு ரைமர், 2 குதிரைவலு மோட்டர், ஒரு பில்டர். தண்ணீர் கழகத்தின் கட்டுக்கிணற்றிலிருந்து. மோட்டர் நிமிடத்துக்கு 120 லீற்றர் கொடுக்கிறது, அதாவது ஒரு வரிசை ஓடும்போது தலைக்கு 20 லீற்றர்.

முதல் நாள் பின்னேரம் திறந்துவிட்டபோது ஊரே வந்து நின்று பார்த்தது. சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடி விளையாடினார்கள். அவ்வளவு காலமும் ஹோஸைத் தூக்கிக்கொண்டு இரவில் அலைந்தவன் என்கிற முறையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

சித்திரை தாண்டி வைகாசி வரும்போதுதான் புல் பேசத் தொடங்கியது. நான்கு மூலையும் கரும்பச்சை. கோர்ணர் அடிக்கப் போகிற பொடியன்களின் காலில் சேறு ஒட்டியது. நடுவட்டத்தைச் சுற்றி அறுகு மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, நடந்தால் சரசரவென்று சத்தம் போட்டது. அறுகு இலேசில் சாகாது. மேலே காய்ந்தாலும் நிலத்துக்குக் கீழே ஓடுகிற தண்டில் உயிரை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். ஆனால் அப்படி உறங்குகிற புல்லின் மேல் தினமும் பந்து விளையாடினால் அது திரும்பித் தளிர்க்க முடியாமல் தேய்ந்துபோகும். பிறகு வெறும் செம்மண்தான். எங்கள் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. விழுந்து எழும்பும் பிள்ளைகளின் முழங்காலைப் பார்த்தால் தெரியும்.

பூட்டிய தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எல்லா வரிசையையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணை, முழுக் கிறவுண்டும் நனையுதுதானே, பிறகென்ன? நடுவுக்குக் காணாட்டி இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டி விடுங்கோ" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. முழு மைதானமும் நனைந்தது. நாங்களும் கூட்டிவிட்டோம். இரண்டு மணித்தியாலம் மூன்றாகி, நாலாகி, ஆனியில் ஒருநாள் கிணறு அடிக்குப் போய் மோட்டர் காற்று இழுக்கத் தொடங்கியது. மூலைகளில் அப்போதும் தண்ணீர் தேங்கி நின்றது.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் ஊரிலுள்ள பெரியவர் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாயும் வெங்காயமும் செய்தவர், வாழ்நாள் முழுக்க பாத்திக்குத் தண்ணீர் மாறியவர். "தண்ணி மாறுறவன் முதல் பாத்தியைப் பார்த்து நிற்கிறேல்லை தம்பி. கடைசிப் பாத்திக்குக் காணுமோ எண்டுதான் பாப்பான். உங்கட கடைசிப் பாத்தி எது?" என்று கேட்டார். வாய்க்கால் இருந்தால் கடைசிப் பாத்தி எது என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வானத்திலிருந்து விழுவது போல விழும்போது அது எங்கே என்று அளந்தால்தான் தெரியும். அளப்பதற்கு உலகம் முழுவதும் பாவிக்கிற வழி, ஒரே அளவுப் பாத்திரங்களைப் புல்லில் பரப்பி வைத்து எதில் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. எங்களிடம் இருந்தவை மீன் ரின்கள்.

வீடு வீடாகச் சொல்லி இரண்டு கிழமையில் 40 ரின் சேர்த்தோம், எல்லாம் ஒரே அளவு, 425 கிராம் உயர ரின். மூடி முழுவதும் சுத்தமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், விளிம்பு மடங்கியவற்றை ஒதுக்கிவிட்டோம். வாய் குறுக்காக 7.3 சென்றிமீற்றர், அப்படியானால் பரப்பு ஏறத்தாழ 42 சதுர சென்றிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ரின்னுக்குள் 4.2 மில்லிலீற்றர். இந்த ஒரு எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் பெருக்கல், வகுத்தல்தான். மைதானத்தின் கால் பங்கை மட்டும் எடுத்தோம், ஒரு கோர்ணர் கொடியிலிருந்து நடுப்புள்ளி வரைக்கும். நீளப் பக்கம் 8, அகலப் பக்கம் 5, ரின்னுக்கு ரின் ஐந்தரை மீற்றர். அசையாமல் இருக்க ஒவ்வொரு ரின்னுக்குள்ளும் ஒரு கூழாங்கல் போடலாம் என்று ஒரு பொடியன் சொன்னான், வேண்டாம் என்றேன். கல்லில் ஒட்டிக்கொள்கிற தண்ணீரும் கணக்குத்தானே. மண்ணைக் கொஞ்சம் சுரண்டிப் பதித்து வைத்தோம்.

நான்கு வரிசையையும் ஒன்றன்பின் ஒன்றாக முப்பது முப்பது நிமிடம் ஓடவிட்டோம். ரின்களை இடையில் தொடவில்லை. இது முக்கியம், ஏனென்றால் எந்த ஒரு இடத்துக்கும் இரண்டு மூன்று வரிசைகளின் தண்ணீர் வந்து சேர்கிறது. ஒரு வரிசையை மட்டும் ஓடவிட்டு அளந்தால் பிழையான எண்தான் வரும். காலை ஐந்து மணிக்குத் தொடங்கினோம். சோளகம் வீசுகிற காலம், வெயில் ஏறினால் காற்றும் ஏறும். மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் காற்று இருந்தால் இந்தச் சோதனையைச் செய்வதில் பிரயோசனம் இல்லை என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. காற்றை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. இலைகள் சலசலக்கிற காற்று என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர், எனவே வேலியோரத்துப் பூவரசைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு முடிந்தது. மயில் ஒன்று வந்து ஒரு ரின்னில் வாய் வைத்துவிட்டது. அன்றைய அளவைக் கணக்கில் எடுக்காமல் மறுநாள் முழுச் சோதனையையும் திரும்பச் செய்தோம்.

பாமசியில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிறிஞ்சால் ஒவ்வொரு ரின்னையும் உறிஞ்சி அளந்தோம். கோர்ணர் கொடியடி ரின்னில் 27 மில்லிலீற்றர். நடுப்புள்ளிக்குப் பக்கத்து ரின்னில் 3. சிறிஞ்சைப் பிடித்திருந்த பொடியன் அந்த மூன்றை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்துவிட்டு, சரியாக உறிஞ்சவில்லையோ என்று திரும்பவும் ரின்னுக்குள் விட்டான். வேறு ஒன்றும் இல்லை. ரின்னின் அடி மட்டும் ஈரமாக இருந்தது.

நாற்பது ரின்னின் சராசரி 11. மிகக் குறைந்த பத்து ரின்னின் சராசரி 4.6. பின்னதை முன்னதால் வகுத்தால் 42 வீதம். இந்த எண்தான் மைதானப் புல்லுக்கான சீர்மை அளவு: மிகக் காய்ந்த கால் பங்குக்குச் சராசரியில் எத்தனை வீதம் போய்ச் சேர்கிறது. இதற்கு முன்பே, 1942ல், கலிபோர்னியாவில் கிறிஸ்தியன்சன் என்பவர் ஸ்பிரிங்ளருக்கு ஒரு சீர்மைக் குணகம் வகுத்தார், அது இன்றும் தோட்டப் பயிர்களில் பாவனையில் இருக்கிறது. ஆனால் அதில் கூட விழுந்ததும் குறைய விழுந்ததும் ஒரே மாதிரித்தான் கணக்கில் சேரும். எங்களுக்குக் கவலை காய்ந்த இடத்தைப் பற்றி. பெரியவர் கேட்ட கடைசிப் பாத்தியும் இந்தப் பத்து ரின்தான். இந்த வகைத் தலைகளுக்கு 70 வந்தால் நல்ல பூட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். 42 என்பது மோசம், அதற்கு மேல் அழகுபடுத்திச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரின்னோடு சேர்த்து இன்னொரு எளிய சோதனையும் செய்தோம். ஒரு நீள ஸ்குரூட்ரைவரை நிலத்தில் குத்திப் பார்ப்பது. மூலையில் பிடி வரைக்கும் இறங்கியது. நடுவில் ஒரு அங்குலத்தோடு நின்றுவிட்டது, மேலே ஏறி நின்று அழுத்தினாலும் போகவில்லை. வேர் எங்கே போகும்?

சரி, ஏன் இப்படி? தேடிப் பார்த்ததில் முதற்காரணம் மோட்டர் கொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலையோடும் ஒரு பிளாஸ்ரிக் தட்டில் சின்னதும் பெரியதுமாகப் பல நொசில், அதாவது தண்ணீர் வெளியே வருகிற வாய்த் துண்டுகள், தருவார்கள். அந்தத் தட்டுகள் 24ம் பிரிக்கப்படாமல் ஒரு பையில் கட்டி ஆணியில் கிடந்தன. எல்லாத் தலைக்கும் கொம்பனியில் போட்டு வந்த அதே நொசில். இதை விளங்கிக்கொள்ள வாத்தியார் தேவையில்லை. நடுவில் இருக்கிற தலை முழு வட்டம் சுற்றுகிறது. ஓரத்தில் இருப்பது அரை வட்டம். மூலையில் இருப்பது கால் வட்டம். மூன்றும் நிமிடத்துக்கு 20 லீற்றர் கொட்டினால், மூலைத் தலை அந்த 20 லீற்றரையும் கால் பங்கு நிலத்தில் கொட்டுகிறது, நடுத்தலை அதே அளவை நாலு மடங்கு நிலத்துக்குப் பகிர்கிறது. மூலை நாலு பங்கு குடிக்கும், ஓரம் இரண்டு பங்கு, நடு ஒரு பங்கு. எங்கள் நடுவட்டம் காய்ந்ததற்கு வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் பையைப் பிரிக்காததுதான் காரணம்.

அன்றைக்கே மாற்றினோம். மூலைகளுக்கு நிமிடத்துக்கு 6 லீற்றர் நொசில், ஓரங்களுக்கு 12, நடுவுக்கு 24. சாவியைத் திருகி, தலையை மேலே இழுத்துப் பிடித்து, சின்னத் திருகாணியைக் கழற்றி, குறட்டால் பழைய நொசிலை இழுத்து எடுக்க வேண்டும். ஒரு தலைக்கு ஐந்து நிமிடம். சதக் காசு செலவில்லை.

இரண்டாவது பிழை அமுக்கம். டிராக்டர் கராஜில் ஒரு அமுக்கமானி இரவல் வாங்கி மோட்டரடியிலும் கடைசித் தலையடியிலும் பார்த்தேன். மோட்டரடியில் 3.4 பார் (அமுக்கத்தை அளக்கிற அலகு), கடைசித் தலையில் 2.3. ஒரே வரிசைக்குள் முதல் தலைக்கும் கடைசித் தலைக்கும் அமுக்க வித்தியாசம் 20 வீதத்துக்குள் நிற்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வித்தியாசம் 10 வீதத்துக்குள் நிற்கும். எங்களுக்குப் பிரதான குழாயே ஒன்றேகால் அங்குலம், அதிலேயே அமுக்கம் தின்னப்படுகிறது. இரண்டு அங்குலம் போட்டிருக்க வேண்டும். அமுக்கம் குறைந்தால் தண்ணீர் துளியாக உடையாது. கயிறு மாதிரிப் போய் தூரத்தில் ஒரே வளையமாக விழும், தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் காயும். கடைசித் தலைகளைச் சுற்றி வடை மாதிரிப் பச்சை வளையம் தெரிந்ததற்கு இதுதான் காரணம். அமுக்கம் கூடினாலும் ஆகாது, தண்ணீர் புகையாகிக் காற்றோடு றோட்டுக்குப் போய்விடும். இப்போது ஓர வரிசைகள் ஓடும்போது தண்ணீர் பாதிதான் தேவைப்படுவதால் அமுக்கம் ஏறுகிறது, கேற் வால்வைக் கொஞ்சம் மூடி ஓடவிடுகிறோம்.

மூன்றாவது பிழையை நாங்கள் இன்னும் திருத்தவில்லை, அதுதான் பெரியது. இடைவெளி. தலையின் பெட்டியில் எறிதூரம் 15 மீற்றர் என்று போட்டிருக்கிறது, அதுவும் நல்ல அமுக்கத்தில், காற்று இல்லாத இடத்தில், பெரிய நொசிலோடு. ஒரு தலையின் தண்ணீர் பக்கத்துத் தலையின் காலடியில் போய் விழ வேண்டும், அதுதான் விதி. பல பேர் நினைப்பது போல இரண்டு வட்டமும் விளிம்பில் முட்டினால் போதாது, ஒன்றின் மேல் ஒன்று முழுவதும் ஏற வேண்டும். எங்களுக்கு 18 மீற்றர் இடைவெளி. நீளத்துக்கு 15ம் அகலத்துக்கு பதின்மூன்றரையும் வைத்திருந்தால் வரிசைக்கு 7 தலை, 5 வரிசை, மொத்தம் 35 வந்திருக்கும். விலைமனுவைக் குறைவாகக் காட்ட 11 தலையை வெட்டியிருக்கிறார்கள். நாங்களும் மூன்று விலைமனு எடுத்து மிகக் குறைந்ததைத்தான் பார்த்தோம். எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கேட்கவில்லை.

நொசில் மாற்றி, சரிந்து நின்ற தலைகளை நிமிர்த்திய பிறகு திரும்பவும் 40 ரின் வைத்தோம். இந்த முறை ஒரு வரிசைக்கு 40 நிமிடம், ஆனால் மொத்தத் தண்ணீர் முன்பு போலவே 14,400 லீற்றர். சராசரி 11.3, குறைந்த பத்தின் சராசரி 7.1. 63 வீதம். மூலை ரின் 27லிருந்து 14க்கு இறங்கியது.

42க்கும் 63க்கும் உள்ள வித்தியாசம் கிணற்றில் எவ்வளவு என்று பார்ப்போம். வன்னிக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், அறுகு போன்ற வெப்பநாட்டுப் புல்லுக்கு அதில் 60 வீதம் கொடுத்தால் போதும், 3 மில்லிமீற்றர். எங்கள் மைதானத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது 4,860 லீற்றர். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்தால் 14,580 லீற்றரோடு வேலை முடிந்துவிடும். காய்ந்த கால் பங்குக்கும் அந்த 3 மில்லிமீற்றர் போய்ச் சேர வேண்டும் என்றால், 42 வீதத்தில் 34,700 லீற்றர் இறைக்க வேண்டும். 63 வீதத்தில் 23,100. ஒரு நாளைக்கு 11,600 லீற்றர் வித்தியாசம், நொசில் பையைப் பிரித்ததற்காக. ஆவணியில் பக்கத்து வீட்டுக் கிணறுகள் எப்படிக் கிடக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் வயலுக்கு, எங்களுக்கு நிலத்தடி நீர் மட்டும்தான்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைகள் தரமானவை. மாடு மிதித்தும் உடையவில்லை, ஆனால் கட்டாக்காலி மாடுகள் மிதித்த தலை சரிந்துவிடும், சரிந்தால் ஒரு பக்கம் குழி தோண்டும், மறுபக்கம் வானத்துக்கு அடிக்கும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். இரண்டு தலைகள் மண் சிக்கி உள்ளே இறங்காமல் நின்றன. மைதானத்தில் அது ஆபத்து, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் யாராவது ஒருவர் எண்ணிப் பார்க்கிறோம். எங்கள் தண்ணீர் கல்சியத் தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு நொசில் வாயிலும் படிகிறது. வினாகிரியில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம், வாய் பெருத்தால் நொசில் போய்விட்டது. பில்டரை எங்கள் கிணற்றுக்குக் கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது, இரண்டு கிழமை விட்டபோது வால்வுக்குள் மணல் போய் அது மூடாமல் இரவு முழுவதும் ஓடியது.

ரைமரில் ஏமாந்தேன். உள்ளே பற்றரி போடுகிற இடம் இருக்கிறது, போட்டுத் தரவில்லை. மின்சாரம் போய் வந்ததும் மணிக்கூடு 12க்குத் திரும்பி, விடிய ஓட வேண்டியது பின்னேரம் 15 வயதுப் பிரிவு ஆட்டம் நடக்கும்போது ஓடத் தொடங்கியது. ஒரு 9 வோல்ட் பற்றரி போட்ட பிறகு அந்தக் கரைச்சல் இல்லை.

எத்தனை மணிக்கு விடுவது என்பதிலும் நாங்கள் மாறினோம். முதலில் பின்னேரம் விட்டோம், சோளகத்தில் தண்ணீரில் ஒரு பங்கு வேலிக்கு அப்பால் போனது. இப்போது விடிய நாலு மணிக்கு. அதோடு ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் விடாமல் இருபது இருபதாக இரண்டு சுற்று விடுகிறோம், ஏனென்றால் எங்கள் மண் காய்ந்து இறுகியிருக்கும்போது உடனே குடிக்காது, மேலால் ஓடிப் பள்ளத்துக்குப் போய்விடும். முதல் சுற்றில் மண் இளகும், இரண்டாவது சுற்று உள்ளே இறங்கும்.

புள்ளி கேட்டால், தலைகளுக்கும் மோட்டருக்கும் ஐந்துக்கு நாலரை. பூட்டலுக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் குழாய் ஒட்டிய இடங்கள் ஒன்றும் இதுவரை கசியவில்லை என்பதற்காக. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹோஸ் பிடித்த காலத்துக்குத் திரும்பிப் போக மாட்டேன். ஆனால் நீங்கள் வாங்கினால் விலைமனுவிலேயே எழுதி வாங்குங்கள்: இடைவெளி எறிதூரத்துக்கு மேல் போகக்கூடாது, கால், அரை, முழு வட்டத்துக்கு வேறு வேறு நொசில் போட வேண்டும், பிரதான குழாயின் விட்டம் என்ன, கடைசித் தலையில் அமுக்கம் எவ்வளவு. கடைசிக் கொடுப்பனவில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர்களையும் பக்கத்தில் நிற்க வைத்து ரின் வையுங்கள். 65க்குக் கீழே வந்தால் திருத்தித் தந்த பிறகுதான் மிச்சக் காசு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். நல்லாகப் பூட்டுகிறவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

எங்களுக்குப் பூட்டிய தம்பியும் இரண்டாவது சோதனைக்கு வந்து சிறிஞ்சைக் கையில் வாங்கி அவரே பத்து ரின் அளந்தார். இப்படி ஒன்று இருக்கு என்று ஒருவரும் தனக்குச் சொல்லித் தரவில்லை என்றார், அதை நான் நம்புகிறேன். மிச்ச 11 தலைக்கும் இரண்டு அங்குலக் குழாய்க்கும் கூலி இல்லாமல் பூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சாமானுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மாரி முடிந்து தையில் வேலை தொடங்கும். அதற்குப் பிறகு மூன்றாவது தடவை அளந்து, வந்த எண்ணை இதன் கீழேயே எழுதுவேன், 70க்குக் குறைந்தாலும் எழுதுவேன். ரின்கள் நாற்பதும் கழுவி, கறள் பிடிக்காமல் தேங்காயெண்ணெய் பூசி, கழக அறையில் ஒரு உரப்பைக்குள் இருக்கின்றன. பக்கத்துக் கழகங்கள், பாடசாலைகள் யாருக்காவது தேவை என்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், நாற்பதையும் எண்ணித் திருப்பித் தந்தால் சரி.